மூன்றாவது இன்ஜெக்டர்

என்ஜின் நடுங்கிக்கொண்டிருந்தது. பானெட்டுக்கு முன்னால் நின்ற சுலக்சனாவுக்கும் அதே நடுக்கம்தான்.

மண்டபத்தில் அவள் வேலை பார்க்கும் பட்டறைக்கு எத்தனையோ டீசல் வண்டிகள் வந்திருக்கின்றன. மாரீஸ்வரன் தன் அம்மா சேதுலட்சுமியை ஏற்றிக்கொண்டு வந்தது இதுதான் முதல்முறை.

முதுகுளத்தூரிலிருந்து ராமேஸ்வரம் கோயிலுக்குக் கிளம்பினார்களாம். உச்சிப்புளியில் டீ குடித்துவிட்டு எடுத்தால் வண்டி இழுக்கவில்லையாம்.

"ஏலே மாரி, இந்தப் புள்ளையா பாக்கப் போகுது? வேற ஆளு இல்லையா?" சேதுலட்சுமி முகத்தைச் சுளித்தார்.

இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் சுலக்சனாவை விரும்புவதை மாரீஸ்வரன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. இன்று இவள் பழுதைப் பிடிக்காவிட்டால், அந்தப் பேச்சை இனி எடுக்கவே முடியாது.

சுலக்சனா ஸ்கேனரை மாட்டி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள்.

முதலாவதை நிறுத்தியதும் என்ஜின் இன்னும் தடுமாறியது. அப்படியானால் அது வேலை செய்கிறது. இரண்டாவதும் அப்படித்தான்.

மூன்றாவதை நிறுத்தினாள். சத்தம் மாறவே இல்லை.

"பிடிச்சிட்டன்!" கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

என்ஜினை அணைத்து மீட்டர் வைத்தாள். இன்ஜெக்டர் நன்றாகத்தான் இருந்தது. மின்சாரம்தான் வந்து சேரவில்லை. அதன் ஒயர் பிளக்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தாள். நீலமாக ஏதோ தெரிந்தது. மெல்ல இழுத்தாள்.

நகக்கண் அளவு பால் கவர்த் துண்டு.

அதை எடுத்துவிட்டுப் பிளக்கை மாட்டியதும் என்ஜின் பட்டுப்போல ஓடியது.

"அம்மா, இது தானா வந்த பழுதில்லை. ஆரோ வேணுமெண்டு வைச்சிருக்கினம்."

"வேற யாரு? நாந்தேன்."

மாரீஸ்வரன் வாயைப் பிளந்தான்.

"நீ டீ குடிக்கப் போனீல்ல, அப்ப வச்சேன். டிராக்டரப் பிரிச்சு மாட்டுற எனக்கு இது தெரியாதாக்கும்? உன் போன்ல இவ இந்தப் பட்டறையில நிக்கிற படத்தப் பாத்து எம்புட்டு நாளாச்சு!" சேதுலட்சுமி சுலக்சனா பக்கம் திரும்பினார். "எங்க காலத்துல பொண்ணு பாக்கப் போனா பாடச் சொல்லுவாக. பாட்ட வச்சு நான் என்ன உழவா ஓட்டுறது?"

வண்டியின் பின்கதவைத் திறந்தார். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, வாழையிலையில் பொதிந்த மல்லிகைச் சரம்.

சுலக்சனா கிரீஸ் படிந்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கை கெடக்கட்டும்த்தா. முகாம்ல உங்க வீடு எங்கன இருக்கு? நீயே வண்டிய எடு."