கட்டு அவிழ்க்கும் வரை

"மெதுவாப் பேசுங்கண்ணே. புள்ள தூங்குறான்" என்றாள் ருக்கு.

பக்தவத்சலம் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்ததால், அவருக்கு இப்போது உலகமே காதுதான். ஆபரேஷன் கத்தி பட்டது வலது கண்ணில் மட்டும். அது அசையாமல் இருக்க இடது கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

"மடியிலயா வெச்சிருக்க?"

"ம்."

"காய்ச்சல்?"

"இப்பச் சுடலண்ணே."

அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தமானில், பாராடாங் தீவில் மோட்டார் லாஞ்சு ஓட்டும் சாரங்கு அவர். வருஷக்கணக்காக வெயிலும் உப்புக்காற்றும் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் கண்ணில் அடித்து, மூக்கோரத்து வெள்ளை விழியிலிருந்து ஈசல் சிறகு மாதிரி ஒரு சதை கிளம்பிக் கருவிழிமேல் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு ருக்கு, பிள்ளை பெற்றதிலிருந்து, காலையில் பாலாடைச் சங்கில் தாய்ப்பால் பீச்சிக் கொடுப்பாள். கண்ணில் விட்டுக்கொண்டால் சதை கரைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் கத்திக்குப் பயந்தார்.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் ருக்கு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை ஜெட்டிக்கு ஓடிவந்தாள். பிள்ளை அனலாகக் கொதித்தான், மூச்சு இழுத்தது. அவள் புருஷன் காட்டுக்குள் மரம் வெட்டும் முகாமில் இருந்தான்.

"போர்ட் பிளேர் போகணும்ணே. இப்பவே!"

பக்தவத்சலம் தண்ணீரைப் பார்த்தார். எதிர்வெயிலில் கால்வாய் முனையில் படகுக்கு வழி காட்ட நட்டிருந்த கம்பங்கள் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. ஒற்றைக் கண்ணை நம்பித் தூரம் கணிக்கத் துணிவு வரவில்லை. கண் தெரியவில்லை என்று சொன்னால் லாஞ்சைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

"இஞ்சின் கராப் ஆயிருக்கும்மா, ஓடாது. விடியட்டும், முதல் வேலையா எடுக்கிறேன்" என்றார்.

விடிந்ததும் எடுத்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். யாரும் சொல்லாமலே, அவர் போய்க் கண் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியின் அறை வாசலில் நின்றார்.

"இது புரை இல்லய்யா, மேல வளர்ற சதை" என்றார் டாக்டர். "பால்லயும் கரையாது, சொட்டு மருந்துலயும் கரையாது. பால் விட்டா சீழ்தான் பிடிக்கும். கருவிழியிலேர்ந்து உரிச்செடுத்துத் தையல் போடணும். விட்டா, பார்வையையே மூடிடும். அப்புறம் ஜெட்டியில காவல் காக்குற சௌக்கிதார் வேலைதான்."

ஆபரேஷன் மேஜையில் கண் மரத்துப்போயிருந்தது. வலியில்லை. கத்தி சுரண்டுவது மட்டும் உரலில் தேங்காய் ஓடு உரசுகிற மாதிரி தலைக்குள் கேட்டது.

"கட்டு அவிழ்க்கிற வரைக்கும் தும்மக் கூடாது, குனியக் கூடாது, அழக் கூடாது. தையல் விட்டுச்சுன்னா சதை பழையபடி ஏறிடும்." ருக்குவையும் கூப்பிட்டு டாக்டர் அதையே சொல்லிவைத்தார்.

பக்தவத்சலத்தின் சொந்தமெல்லாம் கடல் தாண்டி மெயின்லேண்டில். கஞ்சி ஊட்டியது ருக்குதான். பினாயில் நெடியில் அவருக்குத் தும்மல் முட்டியபோது அவளே மூக்கைப் பிடித்தாள்.

"தும்மித் தொலைச்சிடாதீங்க. நான் உங்க லாஞ்சுலதான் ஊர் திரும்பணும்."

"சிரிப்புக் காட்டாதடி, அதுக்கும் தையல் விடும்!" என்றார் அவர். "சரி, வழக்கம்போல ரெண்டு சொட்டு விடேன். டாக்டருக்கு எங்க தெரியப்போகுது?"

"போங்கண்ணே. பால் கட்டி வலி உயிர் போகுது, பீச்சித் தொட்டியில கொட்டிட்டு வர்றேன். ஆனா உங்க கண்ணுக்கு ஒரு சொட்டுக் கிடையாது."

காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு வாய் கசக்கும், பால் இறங்காது என்று நினைத்துக்கொண்டார். இஞ்சின் பொய் மட்டும் தொண்டையில் நின்றது. பிள்ளைதான் தேறிவிட்டானே என்று அதை விழுங்கினார்.

"கட்டு அவுத்ததும் முதல்ல அவன் மூஞ்சியத்தான் பாக்கப்போறேன்."

கிண்ணம் கழுவுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். முதலில் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. பிறகு, துடைத்த கண்ணாடி மாதிரி எல்லாம் விளிம்பு தெளிந்து நின்றன.

"எத்தனை விரல்?"

"மூணு."

"ஜன்னலுக்கு வெளியே?"

"கடல். அதுல ஒரு போட்டு போகுது. பின்னால கொடி கட்டியிருக்கு."

டாக்டர் அவர் தோளைத் தட்டினார். "தையல் நல்லாப் பிடிச்சிருச்சு. இனிப் பயமில்ல. லாஞ்சை நீங்களே ஓட்டலாம்."

பக்தவத்சலத்துக்குத் தலைகால் புரியவில்லை. "ருக்கு! இனி எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன்!" என்று திரும்பினார்.

கட்டில் ஓரத்தில் ருக்கு உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. மடியில் ஒன்றுமில்லை.

"பையன் எங்கம்மா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தாள்.

"இனிமே அண்ணன் அழலாமா, டாக்டர்?"