எந்தப் புண்ணியவான்?

மூன்றாவது ஆளும் வந்ததும் வராததுமாகப் பல்லிடுக்கில் காற்றை இழுத்தான். "ஸ்ஸ்ஸ்" என்று, நீளமாக.

பாய்லர் பார்க்க வருகிறவர்களுக்கு அது ஒரு சடங்கு. அந்தச் சத்தம் போடாமல் எவனுக்கும் வேலை ஓடாது போலிருக்கிறது.

வீட்டையே சூடாக்கும் எங்கள் பாய்லர், பனி இறுகிய நாளிலிருந்து, காலையில் களுக் களுக்கென்று முனகிவிட்டு அணைந்துபோய்க் கொண்டிருந்தது. சமையலறையில் வாயைத் திறந்தால் குளிரில் மூச்சு புகையாக வந்தது.

சனிக்கிழமை ட்ரெவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். நிமோனியாவில் பாதி செத்துப் பிழைத்த மனுஷன். "வீடு சூடா இல்லைன்னா உங்க வீட்டுக்காரரை அனுப்ப மாட்டோம்" என்று வார்டு நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்.

எனக்கு நம்பக்கூடிய ஒரு ஆள் வேண்டும். அதுவும் சனிக்கிழமைக்குள்.

முதலில் வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "எந்தப் புண்ணியவான்மா இத மாட்டுனது?" என்று கேட்டான். புது பாய்லர்தான் போடணும் என்றான். இரண்டு கரண்டி சர்க்கரை கேட்டு வாங்கி டீ குடித்துவிட்டுப் போனான்.

அடுத்தவன் சர்க்கரை வேண்டாம் என்றான். அதே சத்தம், அதே கேள்வி. கையிலிருந்த டேப்லெட்டில் பளபளவென்று ஒரு புது பாய்லரைக் காட்டினான்.

மாட்டியவனைத் திட்டுவதில் இரண்டு பேரும் ஒரு குறையும் வைக்கவில்லை. பாய்லரின் மூடியை மட்டும் திறக்கவில்லை.

இந்த மூன்றாவது ஆளின் நம்பரைக் கொடுத்தது பக்கத்து வீட்டு ஈனிட்.

"உன் கேஸ் லைசென்ஸ் அட்டையைத் திருப்பிக் காட்டுப்பா" என்றேன். முன்பக்கம் வெறும் போட்டோவும் பெயரும்தான். எந்த வேலைக்குத் தகுதி என்பது பின்பக்கத்தில் இருக்கும். முதலாமவன் இதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இவன் சிரித்துக்கொண்டே திருப்பினான்.

பாய்லர் என்று இருந்தது. மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தேன். கார்ல் ஹெப்வொர்த். போட்டோவில் மொட்டைத் தலை. தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டேன்.

"என்னம்மா, அவ்ளோ அழகாவா இருக்கேன்?"

"தொப்பி போட்டுக்கிட்டு எடுத்திருக்கலாம்."

அவன் மூடியைக் கழற்றினான். காதை வைத்துக் கேட்டான். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாய்லரின் கழிவுத் தண்ணீர் போகும் வெள்ளைக் குழாயை, சுவரோரமாகத் தடவிக்கொண்டே சாக்கடை வரைக்கும் போனான். விரலால் தட்டினான்.

"கெட்டில்ல தண்ணி குடுங்கம்மா. கொதிக்க வேணாம், வெதுவெதுன்னு."

குழாயின் மேல் ஊற்றிவிட்டு உள்ளே வந்து பொத்தானை அழுத்தினான். பாய்லர் பற்றிக்கொண்டது. சுவரோரம் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தேன். மெல்ல மெல்லச் சூடு ஏறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"புதுசெல்லாம் வேணாம்மா, இது நல்ல பாய்லர். குழாய்ல தண்ணி உறஞ்சு அடச்சுக்கிச்சு, அவ்ளோதான். ஆனா எந்தப் புண்ணியவான் இத மாட்டுனது? இவ்ளோ சன்னமான குழாயக் கொண்டுபோய் வெயிலே படாத வடக்குச் செவுத்துல, மேல ஒண்ணும் சுத்தாம... இந்தா, சிங்க் பக்கத்துலயே இருக்கு. உள்ளுக்குள்ளயே அதுல சேத்துவிட வேண்டியதுதானே? சரியான சோம்பேறிப் பய."

எவ்வளவு தூரம் போகிறான் பார்ப்போம் என்று இருந்தது.

"திட்டி முடிச்சிட்டியா? டீ குடி" என்றேன்.

பால் ஊற்றினேன். நாலு கரண்டி சர்க்கரை போட்டேன். கலக்கி நீட்டினேன்.

ஒரு வாய் குடித்தான். இரண்டாவது வாய்க்குக் கோப்பையைத் தூக்கியவன் அப்படியே நிறுத்தினான்.

"நாலு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"நான் சொல்லவே இல்லையேம்மா."

"இன்னிக்குச் சொல்லலை."

கோப்பையைப் பார்த்தான். பாய்லரைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே குழாயைப் பார்த்தான். கழுத்தில் தொடங்கிய சிவப்பு மொட்டைத் தலை வரைக்கும் ஏறியது.

நான் காத்திருந்தேன். அப்போது வேலை பார்த்த கம்பெனி மேல் பழியைப் போடலாம். நான் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று சொல்லலாம்.

"அப்ப எனக்கு முடி இருந்துச்சா?" என்று கேட்டான்.

"நெறைய. செம்பட்டை முடி."

"வெள்ளிக்கிழமையா இருந்திருக்குமே?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். நீ வாட்சைப் பாத்துப் பாத்து வேலை செஞ்ச."

டீயை மேஜையில் வைத்தான். வேனுக்குப் போய்த் தடித்த குழாயும் துளை போடும் மிஷினும் எடுத்துக்கொண்டு வந்து, சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டான். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

வார்டுக்குப் போன் போட்டேன். வீடு சனிக்கிழமைக்குச் சூடாக இருக்கும் என்றேன். நர்ஸ் லேசில் விடுகிறவள் இல்லை. யார் வேலை பார்ப்பது, நம்பிக்கையான ஆளா என்று கேட்டாள்.

சிங்க்குக்கு அடியிலிருந்த கால்களைப் பார்த்தேன்.

"தெரிஞ்ச ஆள்தான்மா" என்றேன். "மாட்டுன புண்ணியவானே வந்துட்டான்."