தேனீக் கோடை

ஜமுனாமரத்தூரில் மங்கம்மாளும் மகன் மோகனும் பெட்டியோடு பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். கல்லூரிப் பேராசிரியர் ரேணுகாதேவி ஜீப்புடன் காத்திருந்தார்.

"கோடை லீவு முழுக்க என்னோட காட்டுல தேனீ ஆராய்ச்சி. உதவித்தொகையும் உண்டு. ஆனா வீட்டு நினைப்பு வந்து பாதியில ஓடக் கூடாது."

"அதெல்லாம் இல்லீங்க மேடம்" என்றான் மோகன்.

மங்கம்மாளுக்குக் கண் கலங்கியது. ஆறாம் வகுப்பில் அவனை ஹாஸ்டலில் விட்ட நாள் நினைவுக்கு வந்தது. முந்தானையை விடாமல் அழுதவனிடம், "அழாதடா, லீவு வுட்டதும் வந்து இட்டுனு போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

பஸ் திரும்பிப் போக ஹாரன் அடித்தது.

"அழாதம்மா, லீவு முடிஞ்சதும் வந்து இட்டுனு போறேன்" என்று சொல்லிவிட்டு மோகன் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி மங்கம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.