காயாத பெயிண்ட்

அப்பாவின் காது முழுதாக மந்தமாவதற்குள், அந்தக் காலத்தில் அவர் ஓட்டிய ராணுவப் பயிற்சி விமானத்தின் சத்தத்தை ஒரு தடவையாவது அவர் கேட்டுவிட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. அருங்காட்சியகத்தில் அந்த விமானத்தைப் பழுதுபார்த்தவர் அவள் கணவர்தான்.

"இன்னைக்கு வேணாமே, பெயிண்ட் காயலை," என்றார் அவர்.

"போன வாரமும் இதே பாட்டுதான். ஊர்ல இருக்கிற துணியெல்லாம் காயுது, உங்க பெயிண்ட் மட்டும் காயாதா?"

"பேட்டரி வேற கொஞ்சம் வீக்கு..."

"இன்ஜின் ஓடாதுன்னா ஓடாதுன்னு சொல்லுங்களேன்! அப்பாவை எதுக்கு இப்படி அலைய விடறீங்க?"

பெரியவர் இருவரையும் கண்டுகொள்ளாமல் விமானத்தின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உரக்கக் கேட்டார்.

"காத்து போற ஓட்டைக்கு மூடி போட மறந்துட்டீங்களா, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை அசடு வழிந்தார். "போன மாசம் இவ ஊருக்குக் கிளம்புங்கன்னு அவசரப்படுத்தினதுல..."

"எத்தனை?"

மாப்பிள்ளை மூன்று விரலைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து அலகில் புழுவோடு ஒரு சிட்டுக்குருவி விமானத்தின் மூக்குக்குள் நுழைந்தது. உள்ளே குஞ்சுகளின் ஒரே கீச் கீச்.

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்க சத்தம் கேக்கறது, அப்பா?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல அதுங்க பறக்கக் கத்துக்கட்டும். நானும் இதுலதானே கத்துக்கிட்டேன்!"