ஏழு நட்சத்திரம்

"ஏழு நட்சத்திரம் தெரியுது, தம்பி," என்றார் தங்கப்பொண்ணு.

அப்போது பகல் பதினோரு மணி. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அவர் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். வரன் பதிவேட்டை எக்செலில் செய்துகொடுத்த கிரிதரன், கண்ணியமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான்.

"அதான்க்கா வேணும். என்ன அடிச்சாலும் நட்சத்திரம்தான் தெரியும். ஓகே குடுங்க."

'டிங்' என்றது. பாஸ்வேர்டு தவறாம்.

நேற்றுவரை மீனலோசனி என்ற பெண்தான் அங்கே பாஸ்வேர்டு அடிப்பாள். எழுத்துகள் அப்படியே திரையில் தெரியும். 'காளை' என்பதை ஆங்கிலத்தில் ஆறு எழுத்தாக வைத்திருந்தார்கள். அது தங்கப்பொண்ணுவின் கணவர் பெயர். மனைவியான அவர் வாய்விட்டுச் சொல்லாத பெயர் ஆதலால், வெளியே போகாது என்று நம்பியிருந்தார்.

நேற்று எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "மாடும் பாத்துக் குடுக்குறீகளா?" என்று கேட்டுவிட்டார்.

இன்று மீனலோசனி லீவு. கிரிதரன் காலையிலேயே பிளாப்பியோடு வந்துவிட்டான். எக்செல் தானாகத் தரும் கேள்விப் பெட்டிக்கு எழுத்தை மறைக்கத் தெரியாது. அதனால் தனியாக ஒரு படிவம் செய்து, அதிலுள்ள கட்டத்துக்கு 'பாஸ்வேர்டு கேரக்டர்' என்ற இடத்தில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தான்.

"கண்ணுக்குத்தான்க்கா நட்சத்திரம். உள்ள நீங்க அடிச்ச எழுத்து அப்படியே இருக்கும். அதை மேக்ரோ ஒத்துப் பாக்கும். ஒரு எழுத்து பிசகினாலும் விடாது."

"நான் சரியாத்தானே அடிச்சேன்?"

கிரிதரன் உட்கார்ந்து தானே அடித்துப் பார்த்தான். திறந்தது. மூடிவிட்டு அவரை அடிக்கச் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பினான். மறுபடியும் 'டிங்'.

"பெட்டிக்கும் தம்பிக்கும்தான் பொருத்தம் அமைஞ்சிருக்கு," என்றார் மகனுக்குப் பெண் பார்க்க சோழவந்தானிலிருந்து வந்திருந்த பேச்சிமுத்து. "எனக்குப் பன்னெண்டு மணிக்கு பஸ்ஸு, தாயி. நோட்டா இருந்தா இந்நேரம் நாலு பொண்ணு பாத்திருப்பேன்."

தங்கப்பொண்ணுவுக்கு முகம் சுருங்கியது.

"இதான் கடைசி, தம்பி. இப்பவும் தொறக்கலைன்னா உன் பெட்டிய நீயே தூக்கிட்டுப் போயிரு. எனக்கு நோட்டே போதும்."

நான்கு மாத வேலை. எண்ணூறு ஜாதகங்களை ஒவ்வொன்றாக ஏற்றியவன் கிரிதரன். இந்தமுறை கண்ணியத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவர் விரலையே பார்த்தான்.

ஒற்றை விரல் எழுத்துகளின் மேல் வட்டமடித்தது. 'யூ'வைத் தேடிப் பிடித்து நிதானமாக ஒரு தட்டு. அதற்குப் பிறகுதான் 'கே' பக்கம் நகர்ந்தது.

"அக்கா, நிறுத்துங்க. மொதல்ல 'யூ' எதுக்கு?"

தங்கப்பொண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளையார் சுழி போடாம எப்படித் தம்பி எழுதுறது?"