நான்கு நிமிடம்

"சார், தாமதத்துக்குக் காரணம் நான்தான்னு அறிக்கையில எழுதுங்க" என்று புழக்கடைக்கு வந்திருந்த அதிகாரியிடம் கேட்டாள் சந்தனமாரி. இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அங்கே நிற்கும் வானிலைக் கருவிக் கோபுரம் உப்பளத்தின் மேல் சுழல்காற்று திரள்வதாகச் சந்தேகப்பட்டால், சந்தனமாரி கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்தவேண்டும். அப்போதுதான் உப்பளத்துக்கு எச்சரிக்கைச் சங்கு ஊதும். மூன்று முறை வீணாக ஊதினால் வேலை போய்விடும். இரண்டு முறை ஏற்கெனவே ஆகியிருந்தது. அன்று மேகம் தும்பிக்கைபோல இறங்குவதைக் கண்ட பிறகும், தரையைத் தொடட்டும் என்று நான்கு நிமிடம் காத்திருந்துதான் பொத்தானை அழுத்தினாள். பறந்து வந்த தகரம், உப்பு வாரிக்கொண்டிருந்த செல்லத்தாயின் வலக்கையைக் கொண்டுபோய்விட்டது.

"கருவிக் கோளாறுன்னு எழுதியாச்சும்மா. எல்லாருக்கும் நல்லது" என்றார் அதிகாரி.

"ஏட்டி, நம்ம குடும்பத்துலயே நீ ஒருத்திதான் காலேஜ் படிச்சவ. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள் அம்மா.

"அந்தப் படிச்சவதாம்மா கண்ணால பாத்துக்கிட்டே நின்னா."

நேற்று ஆஸ்பத்திரியில் செல்லத்தாய் இடக்கையால் இவள் கன்னத்தைத் தடவி, "நீ சங்கு ஊதலன்னா செத்தே போயிருப்பேன், தாயி" என்று அழுதிருந்தாள்.

அதிகாரி அறிக்கையில் முத்திரை வைத்தார். "எங்கட்டி போற?" என்று அம்மா கத்தியபோது, சந்தனமாரி ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பாதித் தெருவைத் தாண்டியிருந்தாள்.