நாலாவது பாட்டன்

"வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு மூணு நாள்தான் ஆகுது. ஒரு பெட்டிகூட வந்து இறங்கல. அதுக்குள்ள வீடு வேண்டாங்கிறியே!" என்றாள் வீட்டுச் சொந்தக்காரி பாகிலா.

"ஆபீஸ் ரொம்பத் தூரம், அபாய்" என்றாள் குல்டானா, மூத்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லில்.

பொய்தான். 'மாவு பிசைவியா? பெரியவங்களுக்கு டீ ஊத்துவியா?' என்று கையெழுத்து முடிந்த கையோடு வீட்டுக்காரி துருவியபோதே விஷயம் புரிந்துவிட்டது. அவள் தேடியது குடியிருக்க ஆள் அல்ல. மகன் எர்போலுக்குப் பெண்டாட்டி. வேலைக்காரி சம்பளம் கேட்பாள், மருமகள் கேட்கமாட்டாள்.

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான். ஒரு வருஷம் இருந்தே ஆகணும். அது கிடக்கட்டும், உன் ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பேரைச் சொல்லு."

அவர்கள் இனத்து வழக்கப்படி, இரு வீட்டாருக்கும் அந்த ஏழுக்குள் ஒரு பெயர் ஒத்துப்போனாலும் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. குல்டானா அப்பாவில் தொடங்கி வரிசையாக ஒப்பித்தாள். நாலாவதாக 'பைதுரார்' என்றதும் பாகிலா டீக் கிண்ணத்தைப் பொத்தென்று கீழே வைத்தாள்.

"அடிப்பாவி! அவர் எங்க வீட்டுக்காரரோட பூட்டன்டி! எர்போலுக்கு நீ தங்கச்சி முறையாச்சே!"

ஒப்பந்தம் நாலாகக் கிழிந்தது. குல்டானா சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பூட்ஸை எடுத்தாள். கையெழுத்துப் போட்ட அன்று கிளம்பும்போதே, கூடத்துச் சுவரில் தொங்கிய இவர்களுடைய வம்சப் படத்திலிருந்துதான் அந்தப் பெயரை அவள் நெட்டுருப் போட்டிருந்தாள்.

பாகிலா பூட்ஸைப் பிடுங்கினாள்.

"எங்கடி கிளம்பிட்ட? சொந்த ரத்தம் அந்நியர் வீட்ல தங்குறதா? வாடகையும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம், என் பக்கத்து அறை உனக்கு. எர்போல் இல்லாட்டி என்ன? இனிமே உன் கல்யாணம் என் பொறுப்பு. நாளைக்கே மூணு பையன்கள வரச் சொல்றேன்!"